புனுகுக் கூட்டில் பெண் பூனை இல்லை

முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் போகாமல் தவிர்த்த ஊர் சாந்தன்பாறை. மூணாறுக்கு நான்கைந்து முறை போயிருக்கிறேன். கல்லூரி மாணவர்களோடு வட்டவடை வரை போய் காரட்டும் பூண்டும் விளைவதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். பூப்பாறைக்குப் பிரியும் சாலை வந்தால் மட்டும் ஏதாவது காரணம் சொல்லி வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவேன். இந்த மாசியில் ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

"சார், சாந்தன்பாறையிலருந்து முத்துமாரி பேசுறேன். ஏலத்தோட்டம் வச்சிருக்கேன். எங்க எடத்துல புனுகுப் பூனைப் பண்ணை போடணும்னு ஒரு கம்பெனிக்காரங்க குத்தகைக்குக் கேக்குறாங்க. கூட்டுல வளத்தா காட்டுப் பூனை தப்பிக்கும்னு நீங்க எழுதுன ரிப்போர்ட்டக் காட்டுனாங்க. குடுக்கலாமா, வேண்டாமா? நீங்க சரின்னா குடுத்துருவேன்."

அப்பா பெயர் என்ன என்று கேட்டேன்.

"பாண்டி."

நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனிலேயே பதில் சொல்லாததற்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று காரணம் சொல்லலாம். அது பொய்யாகிவிடும்.

ஏன் பதில் சொல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கொல்லங்கோட்டுப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். குலதெய்வக் கோயில் திருவிழாவில் அபிஷேகம் முடிந்து மூர்த்திக்குச் சாத்துகிற புனுகு எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அதற்காகத் தோட்டத்துக் கொட்டகையில், எங்கள் பேச்சில் சாளையில், பன்னிரண்டு மரக்கூடுகள் இருந்தன. கூட்டுக்கு ஒரு புனுகுப் பூனை. மலையாளத்தில் வெருகு என்பார்கள். கூட்டின் நடுவே ஒரு மரத்தூண். பூனை தன் வாலடிச் சுரப்பியை அந்தத் தூணில் தேய்க்கும். காலையில் மூங்கில் சிம்பால் அதை வழித்தெடுத்தால் அதுதான் புனுகு. கோயிலுக்குக் கொஞ்சம், மருந்துக் கடைகளுக்கு மீதி. அண்ணன் கவனித்துக்கொண்டார். நான் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன்.

கூட்டில் வெருகு வைத்திருப்பதை நிறுத்திவிடலாமா என்று அதிகாரிகள் யோசித்தபோது என்னிடம் ஓர் அறிக்கை கேட்டார்கள். வளர்ப்பதே காட்டு விலங்குக்குப் பாதுகாப்பு என்று எழுதினேன். கோயிலும் வைத்தியமும் புனுகு கேட்பதை நிறுத்தப் போவதில்லை. கேட்பதைக் கூடு கொடுத்துவிட்டால் காட்டுக்குள் யாரும் பொறி வைக்க மாட்டார்கள் என்றேன். இந்த வாதத்தில் இன்றும் எனக்குப் பாதி நம்பிக்கை உண்டு. அடுத்த வரிதான் குற்றம். கூடுகளில் இருப்பவை கூட்டிலேயே பிறந்தவை என்று எழுதினேன்.

எங்கள் பன்னிரண்டு கூட்டிலும் இருந்தவை ஆண் பூனைகள். ஆணிடம் புனுகு அதிகம் கிடைக்கும் என்பதால் பெண் பூனைக்குத் தீனி போட யாரும் தயாராக இல்லை. நான் பார்த்த மற்ற வீடுகளிலும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்கள் எப்படிக் குட்டி போடும்? என் முதலாண்டு மாணவன்கூட இதைக் கேட்டிருப்பான். கூட்டில் ஒன்று செத்தால் இன்னொன்று காட்டிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத் தொழிலாளியாக இருந்த பாண்டி. ஒரு முறை சாக்கில் இரண்டு பூனைகளோடு சோதனைச் சாவடியில் பிடிபட்டார். கொல்லங்கோட்டு வாத்தியாருக்குக் கொண்டுபோகிறேன் என்று உள்ளதைச் சொன்னார். வனத்துறையினர் என்னிடம் வந்து கேட்டார்கள். இந்த ஆளை எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் பூனைகள் கூட்டில் பிறந்தவை, பாருங்கள் என்று என் அறிக்கையையே எடுத்துக் காட்டினேன். பேராசிரியரை நம்பினார்கள். பாண்டி சிறைக்குப் போனார். தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடும்பம் இருந்த அறையும் போயிற்று.

கிளம்பும்போது மருமகள் வாசலில் நின்று, "ஏனுங்க மாமா, இந்த வயசுல மலைக்கு வேணுங்களா? போன்லயே சொல்லீரலாமுங்களே?" என்றாள்.

"போன்ல சொல்ற சங்கதி இல்லீம்மா."

"அப்ப கம்பளியாச்சு எடுத்துட்டுப் போங்க."

எங்கள் ஊரில் மாசிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடுப்பை ஊதுவதுபோல் வரும். கம்பளியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவனை எல்லோரும் பார்த்தார்கள்.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாகவே படாது. உடுமலையில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். சாம்பாரில் எங்கள் வீட்டைவிடத் துவரம்பருப்பு தாராளம். சின்னாறு தாண்டியதும் பஸ் நின்றது. வளைவில் ஒரு கொம்பன் யானை, சாலையோரத்து மூங்கிலை ஒடித்துக்கொண்டு, யாரையும் பொருட்படுத்தாமல் நின்றது. முக்கால் மணி நேரம். ஒருவர் ஹாரன் அடிக்கச் சொன்னார். கண்டக்டர் மலையாளத்தில், "அவன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அவனை நகரச் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் இப்படிச் செய்தால் விடுவீர்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யானை போன பிறகும் டிரைவர் ஒரு நிமிடம் மரியாதைக்காகக் காத்திருந்து வண்டியை எடுத்தார்.

பக்கத்து இருக்கைக்காரர் மறையூரில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுபவர். மறையூர் நெருங்க நெருங்க இருபுறமும் சந்தன மரங்கள், உயர்ந்த கம்பிவலைக்குப் பின்னால். சந்தனத்தைத் தோட்டத்திலேயே வளர்க்கலாமே, காட்டு மரம் தப்பிக்குமே என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"வளக்கலாம். நானும் நாலு மரம் வச்சேன். சொந்தப் பிள்ளையப் பாத்துக்கிட்டதவிட அதப் பாத்துக்கிட்டதுதான் அதிகம். ஆனா ஒண்ணு சார், வளத்த மரத்துக்குத் தண்ணி ஊத்தணும், காவல் இருக்கணும், வருஷக்கணக்காக் காத்திருக்கணும். காட்டு மரத்துக்கு என்ன செலவு? ஒரு வாள். களவாணி எதச் சார் எடுப்பான்?"

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் அறிக்கையை இந்த மனிதரிடம் ஒரு முறை படிக்கக் கொடுத்திருக்கலாம். இறங்கும்போது ஓர் உருண்டை வெல்லத்தைத் தாளில் சுற்றிக் கையில் திணித்தார். மறையூரில் தங்கினேன். சர்க்கரைக்காரனான நான் அந்த வெல்லத்தில் பாதியைத் தின்றுவிட்டேன். இது நான் ஒப்புக்கொள்ள வேண்டியவற்றில் மிகச் சிறியது.

மறுநாள் மூணாறு தாண்டி, பாறையைக் குடைந்து போட்ட மலைச்சாலையில் பஸ் பழுதாகி நின்றது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். பின்னால் வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டேன். உள்ளே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர், தூக்குச் சட்டிகளோடு. எனக்கு இடம் கிடைத்ததே அதிசயம்.

"பெருசு, கால மடக்கி உக்காருங்க. ஏலக்கா மூடைகூட இம்புட்டு எடம் புடிக்காது."

"மூடைக்கு முட்டு வலி கிடையாதே அம்மா" என்றேன். அதன் பிறகு என்னைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். முத்துமாரி வீட்டுக்குப் போகிறேன் என்றதும் ஒருத்தி கேட்டாள்:

"பூனப் பண்ணைக்காரரா? எப்ப ஆரம்பிக்கிறீங்க? பத்துப் பேருக்கு வேலைன்னாகளே."

"பூனைக்குத் தெனம் பழமும் கோழிக்கறியுமாம்டி. அடுத்த பிறப்புல பூனையாத்தான் பொறக்கணும்."

"பொறந்து? நாலடிக் கூட்டுக்குள்ள நடந்துகிட்டே கெட. உனக்கு இப்ப லயத்துல இருக்கது பத்தாதாக்கும்."

ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் சாளையில் பூனைகள் அப்படித்தான் நடந்தன. இந்த மூலைக்கு நான்கு அடி, அந்த மூலைக்கு நான்கு அடி. பலகை அந்த வழியில் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

முத்துமாரியின் வீடு சாலையிலிருந்து இறங்கிப் போகிற சரிவில். சுற்றிலும் ஏலச்செடிகள். என் கண்ணுக்கே தெரிந்தது. பாதிச் செடிகள் இலை கருகி, தட்டைகள் மண்ணில் சாய்ந்து கிடந்தன. போன கோடையில் மழை ஏமாற்றியதில் காய்ந்தவை என்றார் முத்துமாரி. நாற்பதைத் தாண்டிய வயது, தலையில் துண்டுக் கட்டு, கையில் மண். கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். ஒரு பகுதிக்குப் பண்ணைக் குத்தகை வந்தால், மீதியில் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டுக்கொண்டு, அவை காய்க்கும்வரை மூன்று வருடம் தாக்குப்பிடிக்கலாம். வரவில்லையென்றால் மறுபடி அடுத்தவர் தோட்டத்தில் காய் எடுக்கப் போக வேண்டும். இதையெல்லாம் புலம்பாமல், மரவள்ளிக் கப்பையை வேகவைத்துக்கொண்டே சொன்னார்.

பாண்டி உயிரோடு இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளறையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காய்ந்த ஏலக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். முன்பெல்லாம் என்னை அய்யா என்றுதான் கூப்பிடுவார். சாளை வாசலுக்கு உள்ளே வரமாட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, கொல்லங்கோட்டு வாத்தியாரா? நீரு இன்னும் சாகலையா?"

"நீங்களும் சாகலையே."

"எனக்கு வேல கெடக்கு. உமக்கு என்ன?"

முத்துமாரி மூன்று தட்டில் கப்பையும் மத்தி மீன் குழம்பும் வைத்தார். எங்கள் பக்கம் கப்பை தின்றால் ஏழை வீடு என்று என் அம்மா நினைப்பார். அன்று அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தகாது என்று தோன்றியது. ஆனால் குழம்பு மிக நன்றாக இருந்ததால் அந்தத் தண்டனையும் நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து சொன்னேன். அறிக்கையில் நான் எழுதியது பொய். கூட்டில் எதுவும் பிறக்கவில்லை. உங்கள் அப்பா பிடிபட்டது என் வீட்டுக்குக் கொண்டுவரும்போது. கேட்டபோது இவரைத் தெரியாது என்று சொன்னேன். என் அறிக்கையை நம்பி நிலத்தைக் கொடுக்காதீர்கள்.

முத்துமாரி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும் சார்."

"எது?"

"எல்லாம். லயத்துலருந்து சாமானத் தூக்கி வெளிய போட்டப்ப எனக்கு எட்டு வயசு. கொல்லங்கோட்டு வாத்தியார்னு அப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு. கம்பெனிக்காரங்க காட்டுன தாள்ல அதே ஊரு, அதே வாத்தியாரு. அதான் போன் போட்டேன். நீங்க வந்து என்ன சொல்றீங்கன்னு பாக்க."

"வராமலிருந்தால்?"

"நெலத்தக் குடுத்துருப்பேன். படிச்சவங்களே சரின்னு சொல்லும்போது காட்டுப் பூனைக்காக நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப உங்களுக்கு மனசு லேசாயிருச்சு. எனக்குத் தோட்டம் காஞ்சுதான் சார் கெடக்கு."

உண்மையைச் சொன்னவன் நான். அதற்கான விலையைக் கட்டப் போகிறவர் அவர். பாண்டிதான் பேச்சை மாற்றினார்.

"வாத்தியாரே, பொறியில பொட்டப் பூனை விழுந்தா என்ன செய்வேன் தெரியுமா? அங்கனயே தொறந்து விட்ருவேன்."

"நல்ல காரியம் செய்தீர்கள். அதனால்தான் இந்தக் காட்டில் இன்னும் மிச்சமிருக்கிறது."

"நல்ல காரியமாவது! உங்க அண்ணன் வாங்கமாட்டாரு. சும்மா எதுக்குச் சொமக்கணும்?"

அவருக்குக் கொஞ்சம் பெருமை கொடுக்க எனக்குத் தோன்றியது, அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை பக்கத்துத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில், பண்ணையைப் பற்றி ஊராருக்குச் சொல்லக் கம்பெனிக்காரர்கள் கூட்டிய கூட்டம். காய் உலர்த்தும் கட்டடம் அது. சுவரெல்லாம் வாசம் ஊறியிருந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். ஜீப்பில் என் முட்டியோடு சண்டை போட்ட பெண்களும் இருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் அனூப் என்ற இளைஞர், முப்பது வயதுக்காரர். நான் ஓர் ஏமாற்றுக்காரனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் அப்படியில்லை. வெளிநாட்டில் வனவிலங்கு பற்றிப் படித்தவர். போன மாதம் மேல்காட்டில் தானே கண்டெடுத்ததாக ஒரு கம்பிச் சுருக்கைக் காட்டினார். அதில் ரோமம் ஒட்டியிருந்தது. காட்டி முடித்ததும் அதைத் துணியில் பத்திரமாகச் சுற்றிவைத்தார்.

"இன்றும் பிடிக்கிறார்கள்" என்றார், மலையாளமும் தமிழும் கலந்து. "சட்டம் கடுமையானதும் விலைதான் ஏறியது. நல்ல புனுகு நேர் வழியில் கிடைத்தால் இந்தச் சுருக்குக்கு வேலையில்லை. விசேஷ அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். முதலை வளர்ப்பில் இது நடந்திருக்கிறது. இந்த விஷயத்தை நம் நாட்டில் முதலில் சொன்னவரே இங்கே உட்கார்ந்திருக்கிறார்." என் அறிக்கையின் நகலைத் தூக்கிக் காட்டி என்னைக் கும்பிட்டார்.

கைதட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, அறிக்கை எழுதிய நாளைய என்னையே எதிரே நிறுத்திவைத்தது போலிருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம். நான் பொய் என்று தெரிந்தே எழுதினேன். அவர் என்னை நம்பி உண்மை என்று நினைக்கிறார்.

பண்ணையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். அறுபது கூடுகள், ஒவ்வொன்றும் தனித்தனி. கூட்டின் நடுவே புள்ளியாக ஒரு தூண்.

"பெண் பூனைகளுக்குக் கூடு எங்கே?"

"அது இரண்டாம் கட்டம் சார். ஆண்தான் அதிகம் தரும். முதலில் பண்ணை நின்றால்தானே."

"அறுபது ஆண் பூனை எங்கிருந்து வரும்?"

"அடிபட்டது, வீட்டுக்குள் புகுந்தது என்று மீட்கப்பட்டு வருகிறவைகளைக் கேட்டிருக்கிறோம்."

பின்வரிசையிலிருந்து பாண்டி எழுந்தார். அதுவரை தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"தம்பி, அறுபதும் ஆம்பளப் பூனையாவே அடிபட்டுக் கெடக்குமா? பொட்டப் பூனையெல்லாம் ரெண்டு பக்கமும் பாத்துட்டா ரோட்டத் தாண்டுது?"

ஸ்டோர் அதிரச் சிரித்தார்கள். அனூப்பும் முதலில் சிரித்தார். பிறகு வரைபடத்தை ஒரு முறை பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்புட்டும் வந்து சேரும், கவலப்படாதீக" என்றார் பாண்டி. "எனக்கப்புறம் வேற எவனாவது சாக்கத் தூக்குவான். நீங்க வாசல்ல வாங்கிக்கிட்டு, மீட்டதுன்னு எழுதிக்கிடுவீக."

நான் எழுந்து, அறிக்கையில் எது பொய் என்று கூட்டத்துக்கும் சொன்னேன். பெயர்களோடு சொன்னேன். யாரும் கத்தவில்லை. ஜீப்பில் வந்த பெண்ணொருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "இவரா அவரு? நல்லவர் மாதிரி இருந்தாரே" என்றது கேட்டது.

பிறகு அனூப்பிடம் சொன்னேன். வளர்ப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்க விசாலமான அடைப்புப் போடுங்கள். அதற்குள் குட்டி பிறந்து, அந்தக் குட்டிக்குக் குட்டி பிறக்கும் வரை ஒரு சொட்டுப் புனுகும் விற்காதீர்கள். பிறந்ததை எல்லோரும் வந்து பார்க்கட்டும். அப்படியென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குள் செத்துப்போனால் என் மகனைப் போடச் சொல்கிறேன்.

அவர் வரைபடத்தைத் திரும்ப வாங்கிச் சுருட்டினார். "அத்தனை வருடம் வருமானமில்லாமல் காத்திருக்க, பணம் போட்டவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் சார்" என்றார். மறையூர்க்காரர் சொன்னதேதான். காட்டிலிருந்து எடுப்பவனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ப்பவன்தான் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவன் பண்ணையின் பெயரில் காட்டிலிருந்தே எடுப்பான். நாங்கள் செய்தது அதுதான். அதைக் கோயில் வழக்கம் என்றோம், படித்தவன் வீட்டிலிருந்தால் ஆராய்ச்சி என்றோம்.

"முத்துமாரி சேச்சி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் அனூப்.

"குடுக்கல தம்பி."

வேலைக்கு நம்பியிருந்த பெண்களில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். முத்துமாரி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் ஏறுமுன் அனூப் என்னிடம் வந்தார். கோபமில்லை, களைத்திருந்தார். "நான் மேலே இருப்பவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் சார். ஆனால் உங்கள் அறிக்கை மனுவோடு வனத்துறை ரேஞ்சாபீஸுக்குப் போய்விட்டது. நீங்கள் இங்கே வாயால் சொன்னது அந்த ஃபைலில் இருக்காது. இந்த நிலம் இல்லையென்றால் அடுத்த மலையில் ஒன்று பார்ப்பார்கள்."

முத்துமாரி கேட்டுக்கொண்டு நின்றார். மாலையில் ஒரு டம்ளர் பால் சேர்க்காத கட்டன் காப்பியும், மகளின் பழைய நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்களும் கொண்டுவந்து வைத்தார்.

"எழுதுங்க சார். ரெண்டு பிரதி."

நான்காம் நாள் காலை ரேஞ்சாபீஸ். ஓட்டுக் கட்டடம், வாசலில் பிடிபட்ட ஜீப் ஒன்று செடி முளைத்துக் கிடந்தது. பாண்டி வரவில்லை. அந்த வாசலை ஒரு முறை மிதித்ததே போதும் என்றார். உள்ளே இளம் அதிகாரி ஒருவர் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். எங்களுக்கும் ஆளுக்கொன்று தரச் சொன்னார். நான் மலையாளத்தில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லி, தாளை நீட்டினேன். அறிக்கை பொய், காட்டுப் பூனைகளை வாங்கியது எங்கள் வீடு, பாண்டி சொன்னது உண்மை, அவரைத் தெரியாது என்று நான் சொன்னது பொய். இதற்காக என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வயதில் எதற்கு சார் இதெல்லாம்?" என்றார், நிஜமான இரக்கத்தோடு. "அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி கொடுங்கள், போதும். கம்பெனி மனுவோடு சேர்த்து மேலே அனுப்பிவிடுகிறேன். வாங்கியது, விற்றது எல்லாம் எழுத வேண்டாம். அதை எந்த ஃபைலில் போடுவது என்றே எனக்குத் தெரியாது."

இதோ ஒரு நல்ல மனிதர் எனக்கு வழி காட்டுகிறார். பூனைக்கு அந்த ஒரு வரியே போதும். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் என் கை அந்தத் தாளைத் திரும்ப வாங்க நீண்டது. முத்துமாரி அதைப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணு கம்பெனி ஃபைல்ல வையுங்க சார்" என்றார் அதிகாரியிடம். "இன்னொண்ணு எங்கப்பா பேரு இருக்குற ஃபைல்ல."

"சேச்சி, அது முப்பது முப்பத்தைந்து வருடப் பழசு. கறையான் தின்றிருக்கும்."

"அப்ப புதுசா ஒண்ணு தொறங்க. இந்தத் தடவ மொதப் பேரா இவரு பேர எழுதுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தூசி தட்டி, பேனாவைத் திறந்தார்.

இனிஷியல் என்ன என்று கேட்டார். சொன்னேன்.